லேசான அடி

"தலையில லேசா ஒரு அடி, வேற ஒண்ணுமில்ல."

ஊரை விட்டு வந்து பிழைக்கிற நம்மில் யாருக்கும் இந்த வாக்கியம் புதிதாக இருக்காது. ராத்திரி பதினோரு மணிக்கு போன் வரும். அம்மா குளியலறையில் வழுக்கிவிட்டாள், மச்சான் பைக்கிலிருந்து விழுந்துவிட்டார், சித்தப்பா மாடிப்படியில் தடுமாறிவிட்டார் என்று ஏதாவது ஒன்று. தூரத்தில் இருப்பவனைப் பயமுறுத்தக் கூடாதே என்று பேசுகிறவர் அந்த "லேசா"வையும் சேர்த்துவிடுவார். நாமும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பார்ப்போம். தூக்கம் வராது.

இந்தப் பதிவு அந்த "லேசா" பற்றித்தான். அதை யார் முடிவு செய்கிறார்கள், எதை வைத்து முடிவு செய்கிறார்கள், ஒரு சொட்டு ரத்தம் அதில் என்ன சொல்ல முடியும் என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். அடியேன் படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி வேலை. டாக்டர் இல்லை. கட்டம் போட்ட தாளில் எண்கள் இருந்தால் கூட்டிப் பார்க்காமல் விட மாட்டேன், அவ்வளவுதான் என் தகுதி. மருந்து மாத்திரை விஷயத்துக்கு உங்கள் டாக்டரையே கேளுங்கள்.

நான் இருப்பது புரோத்ராபூர். தெற்கு அந்தமானில், போர்ட் பிளேரை ஒட்டிய ஊர். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியாயிற்று, ஆனால் எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. புரோத்ராபூரில் ஜெயில் இருக்கிறது என்று சொன்னால் ஊரிலிருந்து வருகிறவர்கள் கேமராவை எடுத்துவிடுவார்கள். அது வேற ஜெயிலுங்க. சுற்றுலாக்காரர்கள் பார்க்கிற செல்லுலார் ஜெயில் நகரத்தில் கடலோரம் இருக்கிறது. இங்கே இருப்பதில் நிஜமாகவே கைதிகள் இருக்கிறார்கள் :-)

இங்கே வருஷத்துக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை. ரோடெல்லாம் மேடும் வளைவும். மழைக்காலத்தில் ஸ்கூட்டர் ஓட்டுவது ஒரு கலை. போன வருஷம் ஜூன் மாதம் எங்கள் கிளைக் காசாளர் அந்தக் கலையில் ஒரு நாள் தவறினார். ஹெல்மெட் இருந்தது, ஆனால் தலையில் இல்லை, கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. விழுந்தவர் தானே எழுந்து, தானே வண்டியைத் தூக்கி நிறுத்தி, "ஒண்ணுமில்ல சார்" என்று எனக்கு போனும் செய்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வழியில் ஒரு முறை வாந்தி எடுத்தார்.

டாக்டர் பார்த்தார். கண்ணைத் தானாகத் திறக்கிறாரா? ஆமாம், 4 மதிப்பெண். கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்கிறாரா? ஆமாம், 5. கையைத் தூக்கு என்றால் தூக்குகிறாரா? ஆமாம், 6. மொத்தம் 15க்கு 15. கிளாஸ்கோ அளவுகோல் என்று இதற்குப் பெயர். கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் இருந்த இரண்டு மூளை அறுவை மருத்துவர்கள் 1974ல் கொடுத்தது. 13 முதல் 15 வரை "லேசான" காயம், 9 முதல் 12 வரை "நடுத்தரம்", 8ம் அதற்குக் கீழும் "கடுமை". ஆகக் குறைந்த மதிப்பெண் 3. பூஜ்யம் கிடையாது.

வாந்தி எடுத்ததால் சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். நார்மல். என்னென்ன அறிகுறி வந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது.

மூன்றாம் நாள் அவர் வேலைக்கு வந்தார். பதினொரு மணிவாக்கில் என் அறைக்கு வந்து நின்றார். முகம் சரியில்லை.

"சார், மெஷின் எண்ணுறது கண்ணுக்குத் தெரியுது. ஆனா அந்த எண் மனசுல நிக்க மாட்டேங்குது."

இருபத்திரண்டு வருஷம் ரொக்கம் பார்த்த மனிதர். கட்டைக் கையில் வாங்கும்போதே ஒரு தாள் குறைகிறது என்று சொல்லக்கூடியவர். வங்கி வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். சாயங்காலம் ரொக்கம் குறைந்தால் அது காசாளர் தலையில்தான் விடியும். நோட்டு எண்ணும் இயந்திரத்தின் சத்தம் மண்டையைப் பிளக்கிறது என்றார். டியூப்லைட் வெளிச்சம் ஆகவில்லை என்றார். டாக்டர் மறுபடி பார்த்து ஓய்வு எழுதிக் கொடுத்தார். நான் விடுப்புக்கு எழுதினேன். மேலே ஒரு அலுவலகத்திலிருந்து ஒரு வரியில் கேள்வி வந்தது: "லேசான காயம், ஸ்கேன் நார்மல் என்று இருக்கிறதே, பிறகு எதற்கு விடுப்பு?"

டாக்டர் சான்றிதழை வைத்து நான் பதில் அனுப்பினேன், விடுப்பும் கிடைத்தது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நியாயமான கேள்வி போலத்தானே இருக்கிறது? 15க்கு 15 வாங்கி, படமும் சுத்தமாக வந்த ஒருவருக்கு எண் ஏன் மனதில் நிற்கவில்லை? படிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. மண்டை ஓடு ஒரு பூட்டிய பெட்டகம். சாவி இல்லாமல் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் ஆதிகாலத்திலிருந்து சிக்கல். சென்னை பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950ல் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கியபோது சி.டி. என்ற ஒன்று உலகத்திலேயே இல்லை. 1971ல்தான் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. அதற்கு 1979ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, இன்றுவரை தலைக்காயத்தை எடைபோட உலகமெங்கும் நம்பியிருப்பது எழுபதுகளில் வந்த இந்த இரண்டையும்தான்: ஒரு மதிப்பெண் அட்டை, ஒரு படம்.

மாரடைப்பு என்றால் அப்படி இல்லை பாருங்கள். நெஞ்சுவலி என்று போனால் இ.சி.ஜி.யோடு ரத்தமும் எடுப்பார்கள். இதயத் தசை அடிபட்டால் டிரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும், அதை அளந்து சொல்லிவிடுவார்கள். மூளைக்கு அப்படி ஒன்று கிடையாதா என்று பல வருஷம் தேடினார்கள். கிடைத்தவற்றில் முக்கியமானவை இரண்டு.

ஒன்று ஜி.எஃப்.ஏ.பி. மூளையில் நரம்பு செல்களுக்குத் துணையாக நட்சத்திர வடிவில் சில செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள்ளே சாரம் கட்டினாற்போல இருக்கும் புரதம் இது. இன்னொன்று யூ.சி.எச்.எல்-1. இது நரம்பு செல்களுக்குள்ளேயே இருப்பது. தலையில் அடிபட்டு இந்த செல்கள் உடைந்தால் இரண்டும் ரத்தத்தில் கலக்கின்றன. யூ.சி.எச்.எல்-1 சீக்கிரம் ஏறி எட்டு மணி நேரத்தில் உச்சம் தொட்டு இறங்கிவிடும். ஜி.எஃப்.ஏ.பி. நிதானமாக ஏறி இருபது மணி நேரவாக்கில் உச்சத்துக்குப் போகும்.

எவ்வளவு கசியும் என்கிறீர்கள்? ஒரு கிராமை லட்சம் கோடி பங்கு போட்டால் அதில் ஒரு பங்குக்குப் பெயர் பிகோகிராம். ஒரு மில்லி லிட்டரில் 22 பிகோகிராம் ஜி.எஃப்.ஏ.பி. இருந்தாலே "சந்தேகம்" என்று முதல் சோதனையில் கோடு போட்டார்கள். லட்சம் கோடி என்பதை பட்ஜெட் செய்தியில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன், இப்படிச் சின்ன விஷயத்துக்கும் அது உதவும் என்று நினைக்கவில்லை.

அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2018 பிப்ரவரியில் இந்தச் சோதனையை அனுமதித்தது. லேசான தலைக்காயத்துக்கு அவர்கள் அனுமதித்த முதல் ரத்தச் சோதனை இதுதான். குண்டுவெடிப்பில் சிக்கிய சிப்பாய்களுக்காக அமெரிக்க ராணுவமும் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் போட்டிருந்தது. முதலில் முடிவு வர மூன்று நான்கு மணி நேரம் ஆனது. 2021ல் அபாட் நிறுவனத்தின் கையடக்கக் கருவிக்கு அனுமதி கிடைத்து அது 15 நிமிடமானது. ஆனாலும் ரத்தத்தைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். 2024ல் அந்தத் தொல்லையும் போய், கையில் எடுத்த ரத்தத்தை அப்படியே கட்டிலருகில் சோதிக்கலாம், அடிபட்ட 24 மணி நேரத்துக்குள் செய்யலாம் என்று வந்தது.

இப்போது நமக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். கணக்கு.

2018 அனுமதிக்கு ஆதாரமான ஆய்வு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 22 இடங்களில் நடந்தது. கணக்கில் எடுத்துக்கொண்டவர்கள் 1959 பேர். எல்லோருக்கும் ரத்தமும் எடுத்தார்கள், சி.டி.யும் எடுத்தார்கள்.

சி.டி.யில் உள்காயம் தெரிந்தவர்கள்: 125 பேர்.
ரத்தச் சோதனை "சந்தேகம்" என்றது: 1288 பேர்.
ரத்தச் சோதனை "இல்லை" என்றது: 671 பேர்.
அந்த 671 பேரில் சி.டி.யில் காயம் இருந்தவர்கள்: வெறும் 3 பேர்.

பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். "இல்லை" என்று சொன்ன 671ல் 668 சரி, அதாவது 99.6 சதவீதம். "சந்தேகம்" என்ற 1288ல் நிஜமாகக் காயம் இருந்தது 122 பேருக்கு. பத்தில் ஒருவர்கூட இல்லை!

வங்கியில் கள்ள நோட்டைப் பிரிக்கும் இயந்திரம் பார்த்திருப்பீர்கள். அது ஒரு நோட்டை வெளியே தள்ளிவிட்டால் உடனே அது கள்ள நோட்டு ஆகிவிடாது. பாதி நேரம் அழுக்கு, மடிப்பு, ஒட்டுப்போட்ட நோட்டுதான். தள்ளியதை மட்டும் ஆள் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் போதும், மற்ற கட்டை நம்பி உள்ளே வைக்கலாம். இந்த ரத்தச் சோதனையும் அதே ரகம். அது "இல்லை" என்றால் பெரும்பாலும் நம்பலாம். "சந்தேகம்" என்றால் காயம் என்று அர்த்தமில்லை, படம் எடுத்துப் பார் என்று அர்த்தம்.

ஸ்காண்டிநேவிய நாடுகளின் மருத்துவர்கள் இதற்கு முன்பே, 2013ல், எஸ்100பி என்ற இன்னொரு புரதத்தைத் தங்கள் வழிகாட்டியில் சேர்த்தார்கள். அடிபட்டு ஆறு மணி நேரத்துக்குள் எடுத்து அளவு குறைவாக இருந்தால் சி.டி. இல்லாமல் வீட்டுக்கு அனுப்பலாம் என்று. ஆனால் எஸ்100பி கொழுப்பிலும் குருத்தெலும்பிலும்கூட உண்டு. கால் முறிந்தாலும் ஏறிவிடும். ஸ்கூட்டரிலிருந்து விழுகிறவர் தலையில் மட்டும் அடிபடுகிற மாதிரி பார்த்தா விழுவார்?

சரி, எங்கள் காசாளருக்கு வருவோம். அவருக்கு ரத்தச் சோதனை செய்யவில்லை, நேரே சி.டி.தான் எடுத்தார்கள். சி.டி.யில் ரத்தக்கசிவு, எலும்பு முறிவு எல்லாம் நன்றாகத் தெரியும். உடனே மண்டையைத் திறக்க வேண்டிய ஆபத்தா என்ற கேள்விக்கு அதுதான் பதில். ஆனால் நூலிழை போன்ற நரம்பு நார்கள் இழுபட்டிருந்தால் அதில் தெரியாது.

2019ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு எனக்கு நிறைய விளக்கியது. சி.டி. நார்மல் என்று வந்த 450 பேரை எடுத்து, பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 120 பேருக்கு மூளையில் காயம் தெரிந்தது. நான்கில் ஒருவருக்கும் மேல்! அந்த 120 பேருக்கு அடிபட்ட அன்றே ரத்தத்தில் ஜி.எஃப்.ஏ.பி. மற்றவர்களைவிட நன்றாக உயர்ந்திருந்தது. அதாவது படம் பேசாத இடத்தில் ரத்தம் பேசியிருக்கிறது. மேலிடத்துக் கேள்விக்குப் பதில் இதுதான். "ஸ்கேன் நார்மல்" என்றால் ஸ்கேன் நார்மல், அவ்வளவே. மூளை நார்மல் என்று அதற்கு அர்த்தமில்லை.

அப்படியானால் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் ஆள் எப்போது தேறுவார் என்றும் சொல்லிவிடுமா? நானும் அப்படித்தான் ஆவலோடு படித்துக்கொண்டு போனேன். இல்லையாம். அதே ஆராய்ச்சிக் கூட்டத்தினர் 2022ல் வெளியிட்டதில், அடிபட்ட அன்றைய அளவு சாவையும் படுத்த படுக்கை ஆவதையும் நன்றாக முன்கூட்டிச் சொல்கிறது, ஆனால் ஆறு மாதம் கழித்து முழுதாகப் பழையபடி ஆவாரா, கொஞ்சம் குறை இருக்குமா என்பதைச் சொல்வதில் தேறவில்லை என்று இருக்கிறது. எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டாவது பதில்தான். எண் மனதில் நிற்குமா நிற்காதா என்பது இன்னும் ரத்தத்துக்கும் தெரியாத விஷயம்.

நாங்கள் செய்தது பழைய வைத்தியம்தான். டாக்டர் சொன்னபடி முதலில் ஓய்வு, பிறகு அரை நாள், ரொக்கம் வேண்டாம், வைப்புநிதி ரசீது மேஜை. சத்தம் குறைந்த மூலை. மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அவராகவே கேட்டுக் கவுன்ட்டருக்குப் போனார். சாயங்காலம் ரொக்கம் ஒரு ரூபாய் பிசகாமல் நேரானது. மனுஷன் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார்.

இந்த "லேசான" என்ற சொல் மருத்துவர்களுக்கே உறுத்தியிருக்கிறது. 2025 மே மாதம் 14 நாடுகளின் நிபுணர்கள் சேர்ந்து ஒரு புதிய முறையை முன்வைத்தார்கள். லேசு, நடுத்தரம், கடுமை என்று மூன்று டப்பாவில் போடுவதை விட்டு, நான்கு தூண்களை வைத்து எடைபோடச் சொல்கிறார்கள். கிளாஸ்கோ மதிப்பெண்ணும் அறிகுறிகளும் ஒன்று. ரத்தத்தில் இருக்கும் புரதங்கள் இரண்டாவது. சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் மூன்றாவது. நான்காவதுதான் எனக்குப் பிடித்தது: அந்த மனிதர் யார், வயது என்ன, முன்பு என்ன நோய், வீட்டில் பார்த்துக்கொள்ள யார், என்ன வேலை என்பது மாதிரியான விவரங்கள். ஒரே அடிதான். அது விழுவது ரொக்கம் எண்ணுகிறவர் தலையிலா, தனியாக இருக்கும் எழுபது வயது அம்மா தலையிலா என்பதைப் பொறுத்து அதன் எடை மாறுகிறது. கடன் கொடுக்கும்போது ஒரே ஒரு எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோமா நாங்கள்?

எங்கள் தீவுகளை வைத்து யோசித்தால் இந்தச் சோதனையின் அருமை இன்னும் புரியும். அந்தமான் நிக்கோபாரில் தீவுகளும் திட்டுகளும் 836, மனிதர்கள் வசிப்பவை 31. எல்லா இடத்திலும் சி.டி. இயந்திரம் வைக்க முடியாது. கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயிலிருந்து போர்ட் பிளேர் 500 கிலோமீட்டருக்கும் மேல். அங்கே ஒருவர் தென்னை மரத்திலிருந்து விழுந்து, 15க்கு 15 வாங்கி, தலைவலி என்கிறார். ஹெலிகாப்டரில் ஏற்றுவதா, இருந்து பார்ப்பதா? வானிலை சரியில்லை என்றால் ஹெலிகாப்டரும் கிடையாது. மேலே சொன்ன கணக்கை அப்படியே போட்டால், இப்படிப்பட்ட நூறு பேரில் 34 பேரைப் பெரிய பயமின்றி அங்கேயே வைத்துப் பார்க்கலாம். மீதி 66 பேரைப் படம் எடுக்க அனுப்ப வேண்டும், அதில் ஆறேழு பேருக்கு நிஜமாகவே உள்ளே காயம் இருக்கும். அந்த ஆறேழு பேரும் "லேசா ஒரு அடி" என்று வீட்டில் படுத்துக் கிடக்காமல் போய்விடுவார்கள் அல்லவா?

இதைப் படித்துவிட்டு ஊரில் போன் போட்டு "உடனே ரத்தத்தை டெஸ்ட் பண்ணுங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். எஃப்.டி.ஏ. அனுமதி 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான், குழந்தைகளுக்கு இல்லை. வயது ஏற ஏற ஜி.எஃப்.ஏ.பி. இயல்பாகவே கூடுகிறது, அதனால் முதியவர்களிடம் வீண் எச்சரிக்கை அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றால் பொதுவாக டாக்டர்கள் நேரே சி.டி.தான் எடுக்கச் சொல்வார்கள்.

அதற்குப் பதில், அடுத்த முறை அந்த போன் வரும்போது "லேசா" என்பதைத் தள்ளிவைத்துவிட்டு இதைக் கேளுங்கள்:

எப்போது விழுந்தார்? மணி வேண்டும்.
நினைவு தப்பியதா? விழுந்தது அவருக்கு ஞாபகம் இருக்கிறதா?
எத்தனை முறை வாந்தி?
தலைவலி கூடுகிறதா, குறைகிறதா?
தூக்கக் கலக்கமா? பேச்சு குழறுகிறதா? வலிப்பு வந்ததா?
ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா?

வாந்தி தொடர்ந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, கண்மணி ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தாலோ, எழுப்பினால் எழ மறுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ஒன்றும் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடச் சொல்லுங்கள்.

"சி.டி. நார்மல்" என்று சொன்ன பிறகும் போனை வைத்துவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிடுங்கள். நல்லா இருக்கியா என்று கேட்டால் "நல்லா இருக்கேன்"தான் பதில் வரும். பதிலாக, தூங்குகிறாரா, சத்தம் தாங்குகிறதா, பேப்பர் படித்தால் தலையில் ஏறுகிறதா, கடைக்குப் போய் மீதிச் சில்லறை எண்ணி வாங்க முடிகிறதா என்று கேளுங்கள். முடியவில்லை என்றால் அது சோம்பலும் இல்லை, நடிப்பும் இல்லை. டாக்டரிடம் திரும்பப் போக வேண்டும் என்று அர்த்தம்.

பி.கு.: 2022ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஹெல்மெட் போடாமல் போய் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. ஊருக்கு லீவில் போகும்போது தங்கச்சி மாப்பிள்ளைக்கு சென்ட் பாட்டிலோடு ஒரு நல்ல ஹெல்மெட்டும் வாங்கிக் கொடுங்கள். கொக்கியில் மாட்ட இல்லை, தலையில் மாட்ட.